'சொல்' என்று ஒரு கிளை இருந்தால் 'சொல்/கொழு' என்று இன்னொன்று வைக்கக் கூடாதா?

மெய்ப்புக்காரி (திங்கள், இரவு 9.40)

நான் நிரலாளர் அல்ல. மதுரையில் ஓர் அச்சகத்தில் 22 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவள். ஓய்வுக்குப் பிறகு, உழவுக் கருவிகளின் வட்டாரப் பெயர்களைத் தொகுக்கும் வேலையில் நாங்கள் நான்கு பேர் இறங்கியிருக்கிறோம். ஒரே கருவிக்கு ஊருக்கு ஒரு பெயர். மாடு கட்டி நீர் இறைப்பதை எங்கள் பக்கம் கமலை என்போம், ஈரோட்டு நண்பர் கவலை என்கிறார். இரண்டையும் இரண்டு கருவிகள் என்று எண்ணி ஒரு மாதம் தனித்தனியாக எழுதிவைத்திருந்தோம் என்பது வேறு கதை.

தொகுப்பை கிட்டில் (கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் மென்பொருள்) வைத்துக்கொள்ளலாம் என்று என் மகன் கற்றுக்கொடுத்தான். கற்றுக்கொடுத்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான். அவன் தூங்கும் நேரத்தில்தான் எனக்குச் சந்தேகங்கள் வருகின்றன. அதனால் இங்கே கேட்கிறேன்.

கிளை என்றால் தொகுப்பிலிருந்து பிரிந்து தனியாக ஓடும் ஒரு வேலைப்பிரதி. முதன்மைக் கிளையைத் தவிர 'சொல்' என்று ஒரே ஒரு கிளை வைத்திருந்தோம். நான்கு பேரும் அதில்தான் எழுதினோம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் மிதித்துக்கொண்டே இருந்ததால், இனிக் கருவிக்கு ஒரு கிளை என்று முடிவு செய்தோம். முதலில் 'சொல்/கொழு'. கொழு என்றால் கலப்பையின் இரும்பு முனை, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டளையைக் கொடுத்ததும் கிட் மறுத்துவிட்டது. அது ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால்: பூட்ட முடியவில்லை, 'சொல்' இருக்கிறது, 'சொல்/கொழு'வை உருவாக்க இயலாது.

இருந்தால் என்ன? தெருவும் இருக்கலாம், தெருவில் வீடும் இருக்கலாம் அல்லவா?

மகன் காட்டியிருந்தபடி ஒளிந்திருக்கும் 'கிட்' கோப்புறைக்குள் போய், 'ரெஃப்ஸ்', அதற்குள் 'ஹெட்ஸ்' என்று திறந்து பார்த்தேன். அங்கே 'சொல்' என்ற கோப்பே இல்லை! இல்லாத ஒன்று எப்படி வழிமறிக்கும்? தமிழில் பெயர் வைத்ததுதான் குற்றமோ என்று 'சொல்-கொழு' என்று முயன்றேன். அதை உடனே ஏற்றுக்கொண்டது. ஆக, தமிழ் காரணம் இல்லை, சாய்கோடுதான் காரணம் என்பது வரை வந்துவிட்டேன். அதற்கு மேல் தெரியவில்லை.

பழையவழங்கி (திங்கள், இரவு 10.25)

அம்மா, பாதி தூரம் நீங்களே வந்துவிட்டீர்கள். மீதி இதுதான்.

கிட்டில் கிளை என்பது பெரிய பொருள் ஒன்றுமில்லை. 41 பைட் உள்ள ஒரு சிறு உரைக்கோப்பு: கடைசிக் கமிட்டின் (பதிந்த மாற்றத்தின்) 40 எழுத்து அடையாளமும் ஒரு வரிமுடிவும். கோப்பின் பெயர்தான் கிளையின் பெயர். பெயரில் சாய்கோடு போட்டால் அது அலங்காரக் குறி ஆகாது, கோப்புறைப் பிரிப்பாகிவிடும். 'சொல்/கொழு' என்றால் 'சொல்' என்ற கோப்புறைக்குள் 'கொழு' என்ற கோப்பு. ஆனால் 'சொல்' ஏற்கெனவே ஒரு கோப்பு. ஒரே இடத்தில் ஒரே பெயரில் கோப்பும் கோப்புறையும் இருக்க வட்டு இடம் தராது. நீங்கள் சொன்ன தெருவும் வீடும் உவமையில், 'சொல்' தெரு இல்லை. அதுவே ஒரு வீடு. வீட்டின்மேல் தெரு போட முடியாது.

கோப்பைக் காணவில்லை என்றீர்களே, அது தொலையவில்லை. கிட் அவ்வப்போது துப்புரவு செய்யும்போது இத்தகைய சிறு கோப்புகளை 'பேக்டு ரெஃப்ஸ்' என்ற ஒரே கோப்பில் வரிவரியாகக் கட்டி வைத்துவிட்டு, தனிக் கோப்புகளை நீக்கிவிடும். கிட் கோப்புறையின் மேல்மட்டத்திலேயே அது இருக்கிறது, திறந்து பாருங்கள், 'சொல்' வரி இருக்கும். கட்டி வைத்திருந்தாலும் பெயர் பெயர்தான். நாளை அந்தக் கிளையில் ஒரு கமிட் விழுந்தால் மறுபடியும் தனிக் கோப்பாக எழுத வேண்டுமே, அதனால் கிட் முன்கூட்டியே மறுக்கிறது.

தீர்வு ஒரே வரி. 'சொல்' கிளையை 'சொல்/பொது' என்று பெயர் மாற்றுங்கள், பிராஞ்ச் கட்டளையில் சிறிய 'எம்' தெரிவு. ஒரு பெயரை அதற்கு உள்ளேயே நகர்த்துகிறோமே, மோதாதா என்று பயப்பட வேண்டாம், அதைக் கிட் சரியாகக் கையாளும். பின்பு வழங்கியில் (நீங்கள் நால்வரும் பகிரும் சர்வர்) பழைய 'சொல்'லை முதலில் நீக்கிவிட்டு, அப்புறம் புதியதைத் தள்ளுங்கள், அதாவது அங்கே ஏற்றுங்கள். வரிசை மாறினால் வழங்கியும் இதே காரணத்தைச் சொல்லி மறுக்கும்.

ஆங்கிலமேபோதும் (திங்கள், இரவு 11.02)

கிளைப்பெயரைத் தமிழில் வைப்பதே வேண்டாத வேலை. ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், இடைக்கோடு. இதற்கு வெளியே போனால் என்றைக்காவது அழ வேண்டிவரும். உள்ளடக்கம் தமிழில் இருக்கட்டும், பெயர் எதற்கு?

மெய்ப்புக்காரி (செவ்வாய், காலை 6.15)

பழையவழங்கி அவர்களே, பலித்தது. மிக்க நன்றி. அந்தக் கட்டுக்கோப்பைத் திறந்தேன், 'சொல்' மூன்றாவது வரியில் உட்கார்ந்திருந்தது.

ஆங்கிலமேபோதும் அவர்களுக்கு: எங்களில் இருவருக்கு ஆங்கிலத் தட்டச்சு வராது. 'தொரட்டி'யை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால் நால்வரும் நான்கு விதமாக எழுதுவோம். அப்போது வரும் அழுகையை யார் துடைப்பது?

ஆனால் என் கணினியில் சரியாகிவிட்டதே தவிர, ஈரோட்டு நண்பருக்கும் திருநெல்வேலிப் பெண்ணுக்கும் ஆகவில்லை. வழங்கியிலிருந்து இறக்கும்போது அதே பல்லவி: 'சொல்' இருக்கிறது, 'சொல்/பொது' முடியாது. வழங்கியில்தான் 'சொல்' இல்லையே, நானே என் கையால் நீக்கினேன்.

பழையவழங்கி (செவ்வாய், காலை 8.50)

வழங்கியில் இல்லை, ஆனால் அவர்கள் கணினியில் வழங்கியைப் பற்றிய பழைய நினைவு இருக்கிறது. கடைசியாகப் பார்த்தபோது வழங்கியில் என்னென்ன கிளைகள் இருந்தன என்று ஒவ்வொரு கணினியும் 'ரிமோட்ஸ்' கோப்புறையில் குறித்து வைத்துக்கொள்ளும். வழங்கியில் நீக்கினாலும் அந்தக் குறிப்பு தானாகப் போகாது. இருவரையும், வழங்கியிலிருந்து இறக்கும் ஃபெட்ச் கட்டளையோடு 'புரூன்' தெரிவைச் சேர்த்து ஒருமுறை கொடுக்கச் சொல்லுங்கள். அது செத்த குறிப்புகளை முதலில் கழித்துவிட்டு, பிறகு புதியதை இறக்கும். கிட் கொடுத்த பிழைச் செய்தியின் கடைசி வரியிலேயே இந்த அறிவுரை இருக்கும். பிழைச் செய்தியின் கடைசி வரியை யாரும் படிப்பதில்லை, நான் உட்பட.

கூடவே அவர்கள் கணினியில் சொந்தமாக 'சொல்' கிளை இருந்தால் அதையும் பெயர் மாற்ற வேண்டும். புரூன் அதைத் தொடாது.

நீளவால் (செவ்வாய், பகல் 1.30)

தமிழில் பெயர் வைப்பது குற்றமா என்ற கேள்விக்குத் தனியாக ஒரு பதில் தேவை என்று நினைக்கிறேன். கிட் தடுப்பது மொழியை அல்ல, தனக்கு வேறு வேலைக்குத் தேவைப்படும் குறிகளை. ~ உம் ^ உம் ஒரு கமிட்டின் முன்னோரைக் குறிக்க வேண்டும். இரண்டு புள்ளிகள் சேர்ந்து வந்தால் 'இதிலிருந்து அதுவரை' என்ற வீச்சு. முக்காற்புள்ளி, கிளையையும் அதற்குள் இருக்கும் கோப்பையும் பிரிப்பதற்கு. கேள்விக்குறி, நட்சத்திரம், திறக்கும் சதுர அடைப்பு மூன்றும் பெயர்த்தேடலுக்கு. @ குறியை அடுத்து { வந்தால் பழைய நிலைகளைத் தேடும் வழி. இவற்றோடு இடைவெளியும் பின்சாய்கோடும் கூடாது. இடைக்கோட்டில் தொடங்கினால் கட்டளைத் தெரிவு என்று குழம்பும் என்பதால் அதுவும் கூடாது. புள்ளியில் தொடங்கவோ முடியவோ கூடாது. '.லாக்' என்று ஆங்கிலத்தில் முடியும் பெயருக்கும் தடை. ஏனென்றால் கிளையை மாற்றும்போது கிட் தற்காலிகமாக அந்த வாலோடுதான் ஒரு பூட்டுக்கோப்பை உருவாக்குகிறது. 'ஹெட்' என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் கிளை வைக்க முன்பெல்லாம் விட்டுவிடும், 2018 ஜனவரியில் வந்த 2.16 பதிப்பு அதற்கும் முற்றுப்புள்ளி வைத்தது. இந்த வரிசையில் அ முதல் ன வரை ஓர் எழுத்தும் இல்லை.

தமிழுக்கு ஓர் ஆதாயமும் உண்டு. ஆங்கிலப் பெயர் வைப்பவர்கள் ஒரே சொல்லைப் பெரிய எழுத்தில் ஒருவர், சிறிய எழுத்தில் ஒருவர் என்று லினக்ஸில் இரண்டு கிளைகள் உருவாக்குவார்கள். விண்டோஸிலும் மேக்கிலும் அவை ஒரே கோப்பாகி மோதும். நமக்குப் பெரிய க, சிறிய க என்று கிடையாது. நிம்மதி.

ஒன்றில் மட்டும் நமக்கு இழப்பு: நீளம். எழுத்துகளை வட்டில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். 'சொல்' என்பது கண்ணுக்கு இரண்டு எழுத்தாகத் தெரியும், வட்டில் ச, ொ, ல, புள்ளி என்று நான்கு குறிகள், 12 பைட். லினக்ஸில் ஒரு கோப்புப்பெயருக்கு 255 பைட்தான் உச்சம். அந்தப் பூட்டுக்கோப்பின் வாலுக்கு 5 போனால் 250. ஆக, சாய்கோட்டுக்குச் சாய்கோடு 83 குறிகள். நான் ஒருமுறை முழுப் பழமொழியையும் கிளைப்பெயராக வைக்கப் போய் இதைக் கற்றுக்கொண்டேன்.

ஆங்கிலமேபோதும் (செவ்வாய், மாலை 4.12)

தட்டச்சு வராது என்றால் நான் பேச ஒன்றுமில்லை. ஆனால் தமிழில் வைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத வம்புகள் உண்டு, எச்சரிக்கை.

மெய்ப்புக்காரி (வியாழன், இரவு 8.05)

ஆங்கிலமேபோதும் அவர்களின் நாக்கில் சனி இருக்கிறது போலும். வம்பு வந்துவிட்டது.

புரூன் செய்த பிறகு எல்லோருக்கும் இறங்கியது. நான் 'சொல்/கொழு'வை உருவாக்கித் தள்ளினேன். ஈரோட்டு நண்பரிடம், அதற்குப் போய் உங்கள் ஊர்க் குறிப்பைச் சேருங்கள் என்றேன். அப்படி ஒரு கிளையே இல்லை என்று கிட் சொல்வதாகச் சொன்னார். சரி, தானே உருவாக்கிக்கொள்வோம் என்று உருவாக்கித் தள்ளியும் விட்டார். இப்போது என் பட்டியல் இப்படி இருக்கிறது:

சொல்/கமலை
சொல்/கலப்பை
சொல்/கவலை
சொல்/கொழு
சொல்/கேணி
சொல்/கொழு
சொல்/தொரட்டி
சொல்/பொது

இரண்டு கொழு. அச்சகத்தில் செய்வதுபோல் அடிக்கோல் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லகர ழகரக் குழப்பமும் இல்லை. இரண்டும் அச்சு அசல் ஒன்றே. 22 ஆண்டுகளில் ஒற்றுப் பிழையைக்கூட விட்டதில்லை, என் கண்ணை நான் நம்புகிறேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. பொருளடைவு திருத்தியவர்களுக்கு இது தெரியும்: கெ, கே, கை, கொ என்பதுதான் வரிசை. கேணிக்குக் கீழே இருக்கும் கொழு தன் இடத்தில் இருக்கிறது. கேணிக்கு மேலே இருக்கும் கொழு அங்கே இருக்கக் கூடாது. அது கெ வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறது. கணினி வரிசைப்படுத்துவதில் தவறு செய்யாது என்றால், அந்தக் கொழு கொழுவே அல்ல. பின் என்ன அது?

நீளவால் (வியாழன், இரவு 8.31)

அம்மா, எழுந்து நின்று வணங்குகிறேன். கருவி எதுவும் இல்லாமல் அகரவரிசையை வைத்தே பிடித்துவிட்டீர்கள்.

மேலே இருப்பது 'கெ' வரிசையில்தான் இருக்கிறது, ஏனென்றால் அதில் இருப்பது கெ-வும் தனியாக ஒரு காலும். யூனிகோடில் ஒகர உயிர்மெய்க் குறியை இரண்டு வழியில் எழுதலாம்: 'ொ' என்று ஒரே குறியாக, அல்லது கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறிகளாக. திரையில் வித்தியாசம் துளியும் தெரியாது. இரண்டும் சமமானவை என்றுதான் யூனிகோடு விதியும் சொல்கிறது. ஆனால் லினக்ஸில் கிட் அந்தச் சமத்தைப் பார்ப்பதில்லை, பைட்டுக்குப் பைட் ஒப்பிடுகிறது. ஒற்றைக் குறி 3 பைட், உடைந்தது 6. 'சொல்/கொழு' உங்களுடையது 25 பைட் இருக்க வேண்டும், நண்பருடையது 28. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை உண்டு. ஔகாரத்தில் கூடுதலாக, வால்குறிக்குப் பதில் ளகரத்தையே தட்டிவிடுபவர்களும் இருக்கிறார்கள், அது சமமும் இல்லை, வெறும் எழுத்துப்பிழை.

நண்பர் அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்தாரா, எங்கிருந்தாவது ஒட்டினாரா?

மெய்ப்புக்காரி (வியாழன், இரவு 9.20)

தொலைபேசியில் கேட்டேன். ஒட்டியிருக்கிறார். பழைய எழுத்துருவில் அவர் வைத்திருந்த சொற்பட்டியலை ஏதோ ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, அதிலிருந்து 'கொழு'வை மட்டும் வெட்டி ஒட்டினாராம். 'சொல்/' என்பதைத் தட்டச்சு செய்திருக்கிறார்.

பைட்டை எண்ணிப் பார்த்தேன். 25, 28. சரியாகச் சொன்னீர்கள்.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஈய எழுத்துக் காலத்தில் 'கொ' என்பது எப்போதும் மூன்று அச்சுகள்தான். கொம்பு ஒரு குழியில், ககரம் ஒரு குழியில், கால் ஒரு குழியில். கோப்பவர் மூன்றையும் எடுத்து அடுக்குவார். சில வேளைகளில் கால் விழுந்து 'கெழு' என்று அச்சாகிவிடும், அதைப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த மாற்றி பழைய கோப்பாளரைப் போலவே வேலை செய்திருக்கிறது. கால் விழாமல் இருக்கிறது, அதுவே பிழையாகிவிட்டது!

திருநெல்வேலிப் பெண் மேக் கணினி வைத்திருக்கிறாள். அவளுக்கு இரண்டு கொழு தெரியவில்லை, ஒன்றுதான் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு முறை இறக்கும்போதும் கொழு கிளை கட்டாயமாக மாற்றப்பட்டதாகச் செய்தி வருகிறதாம். இதுவும் அதனால்தானா?

நீளவால் (வியாழன், இரவு 9.44)

அதேதான். மேக்கின் கோப்பு முறைமை கிட்டைவிட யூனிகோடை மதிக்கிறது, சமமான இரண்டு பெயர்களை ஒரே கோப்பாகப் பார்க்கிறது. வழங்கி இரண்டு கிளைகளைக் கொடுக்கிறது, அவள் வட்டில் இருப்பதோ ஒரே இடம், ஒன்றன்மேல் ஒன்று எழுதப்படுகிறது. உடனே சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் அவள் ஒருவர் கிளை என்று நினைத்து இன்னொருவர் கிளையின்மேல் வேலை செய்துவிடுவாள்.

உடைந்த பெயரைக் கையால் தட்டச்சு செய்து நீக்க முயலாதீர்கள். உங்கள் விசைப்பலகை சரியான 'கொ'வைத்தான் தரும், நல்ல கிளை போய்விடும். நண்பரின் கணினியில் 'ஃபார் ஈச் ரெஃப்' கட்டளையால் பட்டியலை ஒரு கோப்பில் எழுதச் சொல்லி, முதல் கொழு இருக்கும் வரியை அப்படியே கட்டளைக்குக் கொடுத்து 'சொல்/கொழு-கொங்கு' என்று பெயர் மாற்றுங்கள். புதிய பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும், ஒட்டக் கூடாது. பின் வழங்கியில் பழையதை நீக்கும்போதும் அதே வரியையே பயன்படுத்துங்கள்.

பழையவழங்கி (வியாழன், இரவு 10.10)

வழங்கி உங்கள் கையில் இருந்தால் அங்கே ஒரு 'அப்டேட்' கொக்கி (யாராவது தள்ளும்போது தானாக ஓடும் சிறு நிரல்) வையுங்கள். வரும் கிளைப்பெயரை யூனிகோடின் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றி, மாற்றிய பெயரும் வந்த பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் மறுத்துவிடும்படி. பைத்தானில் நான்கு வரிதான், அதற்கான தொகுதி அதிலேயே இருக்கிறது.

2024 ஏப்ரலில் வந்த கிட் 2.45 இல் 'ரெஃப்டேபிள்' என்ற புதிய சேமிப்பு முறை சேர்ந்தது. அதில் கிளைக்கு ஒரு கோப்பு என்பதே இல்லை, அதனால் மேக்கில் இரண்டு கொழுவும் ஒன்றன்மேல் ஒன்று விழாது. ஆனால் 'சொல்'லும் 'சொல்/கொழு'வும் சேர்ந்து இருக்க அதிலும் அனுமதி இல்லை. பழைய முறையோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத் தடையை அப்படியே வைத்திருக்கிறார்கள். வீடு இடிந்த பிறகும் வீட்டெண் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முன்பு சப்வெர்ஷனில் (கிட்டைப் போன்ற இன்னொரு பழைய மென்பொருள்) குப்பை கொட்டியவன். அங்கே கிளை என்பதே ஒரு கோப்புறை நகல், பெயர் மோதினால் தடுக்கவும் மாட்டார்கள். ஏற்கெனவே இருக்கும் கிளையின் பெயருக்கு நகலெடுத்தால் அதற்கு உள்ளே போய் உட்கார்ந்துவிடும். கிளைக்குள் கிளையை மூன்று வாரம் கழித்துக் கண்டுபிடித்திருக்கிறேன். கிட் முகத்தில் அடித்தாற்போல் மறுப்பது எவ்வளவோ மேல்.

மெய்ப்புக்காரி (வெள்ளி, காலை 7.30)

பெயர் மாற்றியாயிற்று. வழங்கியில் நீக்கியாயிற்று. திருநெல்வேலியில் செய்தி நின்றுவிட்டது. கொக்கியை மகன் ஞாயிற்றுக்கிழமை வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். நான்கு வரி என்றால் நான்கு நாள் ஆகும், எனக்குத் தெரியும்.

மாற்றியில் போட்ட மற்ற கோப்புகளின் உள்ளேயும் தேடினேன். உடைந்த கொ, சொ, தோ எல்லாம் சேர்த்து 318 இடங்கள். நம் தேடுபெட்டியில் 'தொரட்டி' என்று தட்டினால் ஈரோட்டுப் பதிவுகள் ஏன் அகப்படவில்லை என்பதும் இப்போதுதான் விளங்குகிறது. நண்பரைக் குறைகூறி இரண்டு மாதமாக நான் அனுப்பிய கடிதங்களுக்கு அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். 'சொல்/கொழு'விலும் 'சொல்/கொழு-கொங்கு'விலும் ஒரே கோப்பின் ஒரே வரியை இருவரும் மாற்றியிருக்கிறோம். இணைத்தால் மோதும் என்று மகன் சொல்கிறான். நான் 'தேய்ந்தால் புதிது மாட்டுவர்' என்று எழுதியிருக்கிறேன், அவர் 'தேய்ந்தால் கொல்லரிடம் கொடுத்து நீட்டிக்கொள்வர்' என்று எழுதியிருக்கிறார். இரண்டும் வேண்டும். இதற்குத் தனி இழை தொடங்கவா, இங்கேயே கேட்கலாமா?

பழையவழங்கி (வெள்ளி, காலை 7.52)

தனியாகத் தொடங்குங்கள் அம்மா. தலைப்பில் 'கொழு'வைத் தட்டச்சு செய்யுங்கள், ஒட்டாதீர்கள்.